பாலை நிறுத்தியாச்சு, ஃபில்டர் காபிக்கும் தயிர் சாதத்துக்கும் என்ன வழி?

வீகனாக, அதாவது பால், நெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்களாக, மாற நினைக்கும் தமிழ் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. இட்லி, தோசை, சாம்பார், பொரியல், புளியோதரை, அடை, குழிப்பணியாரம், சுண்டல்: இதிலெல்லாம் யாருக்கும் சிக்கல் இல்லை. நம் சமையலில் பெரும்பகுதி ஏற்கெனவே பாலில்லாதது. மாட்டிக்கொள்வது மூன்று இடத்தில். காலைக் காபி, சாப்பாட்டின் கடைசிக் கவளமான தயிர் சாதம், பொங்கலிலும் பருப்பு சாதத்திலும் விழும் நெய். பசுவின் மேல் எவ்வளவு பரிவு இருந்தாலும், டபராவில் நுரை இல்லாத காபியைப் பார்த்ததும் பலருக்கு உறுதி ஆட்டம் கண்டுவிடுகிறது.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் தாவரப் பால், தயிர், வெண்ணெய் வகைகளை வாங்கலாம். வீட்டிலேயே வேர்க்கடலை, சோயா, தேங்காய், முந்திரியை அரைத்துக்கொள்ளலாம். அல்லது மாற்றே தேடாமல், அதே ஆறுதலைத் தரும் பாலில்லாத பண்டத்துக்கு நகர்ந்துவிடலாம். "இதில் எது நல்லது?" என்று கேட்கிறார்கள். வீடு முழுவதற்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பதால்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பண்டத்துக்குப் பண்டம் முடிவு செய்யவேண்டிய விஷயம் இது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அந்தப் பண்டத்தில் பால் என்ன வேலை செய்கிறது என்பது. காபியில் அது கசப்பை அடக்கிக் கனம் கொடுக்கிறது. தயிர் சாதத்தில் புளிப்பும் குளிர்ச்சியும் வழவழப்பும். பொங்கலில் மணமும் மினுமினுப்பும். வேலை தெரிந்தால் மாற்று ஆள் கிடைத்துவிடும். "பாலுக்குப் பதில் எது?" என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது பணம். 2025-ல் ஆவின் நீலப் பாக்கெட் பால் லிட்டர் 40 ரூபாய், கொழுப்பு நிறைந்த ஆரஞ்சு பாக்கெட் 60 ரூபாய். எந்த மாற்றையும் இதோடு ஒப்பிட்டுத்தான் வீட்டில் பேசுவார்கள்.

மூன்றாவது நேரம். யாருடைய நேரம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். "வீட்டிலேயே பண்ணிக்கலாமே" என்று சொல்பவர் ஒருவர், இரவு கடலையை ஊறப்போட்டுக் காலையில் தோலுரிப்பவர் இன்னொருவர் என்றால் அந்த ஏற்பாடு ஒரு மாதம் தாங்காது.

நான்காவது சத்து. பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 3 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. இவற்றோடு பி12 வைட்டமினும் உண்டு. அதற்கு மட்டும் தனியாக வருகிறேன்.

## முதல் வழி: கடையில் வாங்குவது

நேரம் மிச்சம். பெட்டியைத் திறந்து ஊற்றினால் முடிந்தது. வேலைக்குப் போகும் தனியாள், விடுதியில் இருப்பவர், நாளைக்கு ஒரே ஒரு காபி குடிப்பவர் ஆகியோருக்கு வேறு யோசனையே வேண்டாம்.

இவற்றில் சோயாப் பாலில் மட்டும்தான் புரதம் பசும்பாலுக்குக் கிட்ட வருகிறது. கடைப் பாதாம் பால் பெரும்பாலும் தண்ணீர்தான். 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம் தேறினாலே அதிகம். ஓட்ஸ் பால் காபிக்குப் பொருந்தும், காரணம் அதன் இயல்பான இனிப்பும் கொழகொழப்பும். ஆனால் அதைப் பசும்பால்போல் பொங்கக் காய்ச்சக் கூடாது. மாவுச்சத்து வெந்து கூழாகிவிடும். சூடேறியதும் இறக்கிவிட வேண்டும்.

சோயாப் பாலைக் கொதிக்கும் டிகாக்ஷனில் ஊற்றினால் திரிகிறதே என்று பலர் கேட்கிறார்கள். சூடும் காபியின் அமிலமும் சேர்ந்து சோயாப் புரதத்தை உறையவைப்பதுதான் காரணம். பாலை வெதுவெதுப்பாக்கி, அதில் டிகாக்ஷனைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. நன்றாகக் கறுக்க வறுத்த பொடியில் புளிப்பு குறைவு, அதுவும் உதவும். 'பாரிஸ்டா' என்று போட்டு விற்கும் பெட்டிகளில் இதற்காகவே அமிலத்தைச் சமன்செய்யும் உப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள்.

விலைதான் இடறும் இடம். சோயாப் பால் பசும்பாலைவிட இரண்டு மூன்று மடங்கு, ஓட்ஸும் பாதாமும் அதற்கும் மேல். 2025 செப்டம்பர் 22 முதல் தாவரப் பால் பானங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் சோயாப் பாலுக்கு 12, மற்றவற்றுக்கு 18 சதவீதம். குறைந்த பிறகும் நான்கு பேர் குடும்பம் நாளுக்கு இரண்டு வேளை காபி குடிக்கக் கட்டுப்படியாகும் விலை இது இல்லை.

கடைப் பொருள் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம் மட்டுமே; பால், நெய், தேன் எல்லாம் அதற்குள் அடக்கம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி வீகன் உணவுக்கென்று 'வி' எழுத்து கொண்ட தனிப் பச்சை முத்திரை உண்டு. அது இல்லாத பொருளில் பால் திடப்பொருள், வே, கேசீன் (இவை இரண்டும் பால் புரதங்கள்) என்ற சொற்களைத் தேடுங்கள். காபியில் போடும் சில 'பாலில்லா' கிரீமர் பொடிகளிலேயே கேசீன் இருக்கும்.

பெட்டியில் 'பால்' என்ற சொல்லைக் காணாமல் 'சோயா பானம்', 'ஓட்ஸ் பானம்' என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். கால்நடைப் பாலுக்கு மட்டுமே அந்தச் சொல் என்பது விதி. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் பழைய வழக்கம் என்ற பெயரில் விலக்கு.

## இரண்டாம் வழி: வீட்டில் அரைப்பது

பணக் கணக்கில் இதை எதுவும் வெல்லாது. 100 கிராம் சோயாவில் சுமார் ஒரு லிட்டர் பால் வரும், பீன்ஸ் செலவு பத்துப் பதினைந்து ரூபாய்க்குள். 100 கிராம் வேர்க்கடலையில் அரை லிட்டர் தயிர், அதுவும் ஏறக்குறைய அதே செலவு. முந்திரி பல மடங்கு விலை கூடியது. தேங்காய் 2025-ல் ஏறிய விலையைப் பார்த்த பிறகு தேங்காய்ப்பாலை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோயாப் பால். இதன் எதிரி பச்சை வாடை. ஊறிய சோயாவைக் குளிர்ந்த நீரில் அரைக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையை உண்டாக்குகிறது. தோலைத் தேய்த்தெடுத்து, கொதிநீர் விட்டு அரைத்தால் பெரும்பகுதி போய்விடும். பிறகு பதினைந்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் இந்தக் கொதியைத் தவிர்க்கவே கூடாது. வடிகட்டிய சக்கையைக் கொட்டாதீர்கள், அடைமாவில் கலந்தால் யாருக்கும் தெரியாது.

வேர்க்கடலைத் தயிர். தயிர் சாதத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆறேழு மணி நேரம் ஊறவைத்துத் தோலுரித்து, நைசாக அரைத்து, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். முதல் தடவை உறைமோருக்கு எங்கே போவது? பச்சை மிளகாயின் காம்பு. அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகளே உறையவைக்கும். உறைமோரே கிடைக்காத நேரத்தில் தயிர் தோய்க்கப் பாட்டிமார் செய்ததும் இதுதான். கடலைப்பாலில் ஏழெட்டு மிளகாயைக் காம்போடு போட்டு மூடிவைத்தால் போதும். ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்ப்பது நல்லது. பசும்பாலில் இயற்கையாக இருக்கும் பால்சர்க்கரை இதில் கிடையாது, நுண்ணுயிரிகளுக்குத் தீனி வேண்டுமே. முதல் உறை அவ்வளவு நன்றாக வராது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இரண்டாவது தடவை தோய்க்கும்போதுதான் தயிர் என்று சொல்லும்படி இருக்கும்.

கடலை வாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வெறும் தயிரில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுபவருக்கு இது பிடிக்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் தயிர் சாதத்தில் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் என்று ஒரு படையே இறங்குகிறது. பக்கத்தில் மாவடு வேறு. அதில் கடலை வாசம் தலைதூக்குவதில்லை. மோர்க்குழம்பில் இன்னும் நன்றாக உட்காரும், தேங்காய் அரைத்துவிட்டுச் செய்வதால். கடலை வாங்கும்போது பூஞ்சணம் பிடித்தது, சுருங்கியது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை ஈரலுக்குக் கெடுதல்.

முந்திரிப் பால். வடிகட்ட வேண்டாம், திரிவதும் குறைவு. காபிக்கு வீட்டில் அரைப்பதில் இதுவே மேல். ஐம்பது கிராம் முந்திரிக்கு அரை லிட்டர் தண்ணீர். காய்ச்சினால் கெட்டிப்படும் என்பதால் தண்ணீரைக் கூட்டிக் கொள்ளலாம்.

நெய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவோம் இல்லையா? நம் வீட்டு நெய்யின் மணத்தில் ஒரு பங்கு அந்தக் கீரையுடையது. ஆகவே மணம் நீக்கிய தேங்காய் எண்ணெயில் முருங்கைக்கீரையும் ஒரு துளி மஞ்சளும் போட்டு, கீரை மொறுமொறுப்பாகும் வரை காய்ச்சி வடிகட்டினால் பருப்பு சாதத்துக்கு ஏற்ற ஒன்று கிடைக்கிறது. நெய்யாகாது. ஆனால் சூடான சோற்றில் விழும்போது வீட்டை நினைவுபடுத்தும். வெண்பொங்கலுக்கு இதுகூடத் தேவையில்லை. மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரியை நல்லெண்ணெயில் தாராளமாகத் தாளித்தாலே பொங்கல் நிற்கும். கல்யாணப் பந்திப் பொங்கலில் நெய்யோடு எண்ணெயும் சேர்வது உண்டு என்பது சமையல்காரர்களுக்குத் தெரியும்.

வனஸ்பதி பக்கம் மட்டும் போகாதீர்கள். அது தாவரப் பொருள்தான், வீகன்தான். 2022 முதல் அதில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. இருந்தாலும் உடம்புக்கு நல்லது என்று நினைத்து மாறுபவர் அன்றாடம் சேர்த்துக்கொள்ளும் பொருளில்லை அது.

இந்த வழியின் மறைவான செலவு ஆள்பலம். தாவரத் தயிர் நாலு நாளில் புளித்துப்போகும், பால் இரண்டு மூன்று நாளில் கெடும். மிக்சியைக் கழுவுவது, துணியில் பிழிவது, சக்கையைத் தீர்ப்பது எல்லாம் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. வாரம் இரண்டு முறை மாவரைக்கும் வழக்கம் உள்ள வீட்டுக்கு இது பழகிய வேலை. மாவையே கடையில் வாங்கும் வீட்டில் இந்த யோசனை தொடங்குவதற்கு முன்பே சோர்ந்துவிடும்.

## மூன்றாம் வழி: மாற்று தேடாமல் நகர்வது

இதற்கு இயல்பாகக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைப்பதில்லை. தயிர் சாதத்தின் புளிப்பும் குளிர்ச்சியும்தான் வேண்டுமென்றால் பழைய சோறு இருக்கிறதே! ராத்திரி நீர் ஊற்றிய சோற்றில் விடியும்போது இருக்கும் அந்த இதமான புளிப்பும் பாலைப் புளிக்கவைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிரிகள் செய்வதுதான். சின்ன வெங்காயம், மோர் மிளகாய்க்குப் பதிலாக உப்பில் காயவைத்த மிளகாய் வற்றல், ஒரு துண்டு நார்த்தங்காய். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

காபிக்குக் கருப்பட்டிக் காபி, சுக்குக் காபி. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பனங்கட்டியைக் கடித்தபடி வெறும் தேத்தண்ணி குடிப்பதைப் பாருங்கள். பாலில்லாத டீயைக் குறையாக யாரும் நினைப்பதில்லை. திருநெல்வேலிச் சொதியும் இந்த வரிசைதான். மறுவீட்டு விருந்தில் இடம்பிடித்த பண்டம், பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குவதுதான் அதன் ரகசியம். ஆடி முதல் நாள் ஆடிப்பால், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், பருப்புப் பாயசம், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, எண்ணெயில் பொரித்த அதிரசம். பண்டிகை நாளுக்கே ஒரு பட்டியல் போடலாம்.

ஆனால் இந்த வழி எல்லோருக்கும் இல்லை. பிறந்தது முதல் ஃபில்டர் காபி வாசத்தில் எழுந்தவரிடம் "கருப்பட்டிக் காபி குடியேன்" என்றால் அது தண்டனை. கிராமத்து உணவைச் சிறுவயதில் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இது திரும்பிப்போவது. நகரத்தில் தயிரோடு வளர்ந்தவருக்குப் புதுச் சாப்பாடு. புதுச் சாப்பாடு ஆறுதல் தரக் காலம் பிடிக்கும். இன்னொன்று, இந்தப் பட்டியலில் சோறும் வெல்லமும் தேங்காயும் அதிகம், புரதம் குறைவு. தயிரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய சோறு வைத்தால் அன்றைய கணக்கில் சுண்டலோ பருப்போ கூட வேண்டும்.

## பண்டத்துக்குப் பண்டம்

| பண்டம் | பாலின் வேலை | முதல் தேர்வு | வேண்டாம் |
|---|---|---|---|
| ஃபில்டர் காபி | கசப்பை அடக்குவது, கனம் | ஓட்ஸ் பால் அல்லது முந்திரிப் பால் | பாதாம் பால் |
| டீ | துவர்ப்பைக் குறைப்பது | சோயாப் பால், அல்லது இஞ்சி போட்ட வெறும் டீ | தேங்காய்ப்பால் |
| தயிர் சாதம் | புளிப்பு, குளிர்ச்சி | வேர்க்கடலைத் தயிர், பழைய சோறு | இனிப்பூட்டிய கடைத் தயிர் |
| மோர்க்குழம்பு | புளிப்பு, கெட்டி | வேர்க்கடலைத் தயிரும் தேங்காய் அரைப்பும் | ஓட்ஸ் பால் |
| வெண்பொங்கல் | மணம், மினுமினுப்பு | நல்லெண்ணெய், முந்திரி | வனஸ்பதி |
| பாயசம் | இனிமை, கனம் | தேங்காய்ப்பால் | பாதாம் பால் |
| பனீர் மசாலா | மெத்தென்ற துண்டு | டோஃபு (சோயாப் பனீர்) | தேடி வாங்கும் 'வீகன் சீஸ்' |
| மைசூர் பாகு | நெய்யேதான் பண்டம் | விட்டுவிட்டு எள்ளுருண்டை | எண்ணெயில் செய்த போலி |

மைசூர் பாகு வரியைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வரலாம். நெய்யை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது கடலைமாவும் சர்க்கரையும்தான். சில பண்டங்களுக்கு விடைகொடுப்பதே மரியாதை. பழனிப் பஞ்சாமிர்தமும் அப்படித்தான், நெய்யும் தேனும் அதன் கூறுகள். பிரசாதமாக வந்தால் வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது அவரவர் மனசு. அதில் நான் தலையிட மாட்டேன்.

## அசைவத்திலிருந்து நேராக வருபவர்களுக்கு

இவர்களுக்கு வேலை ஒரு விதத்தில் எளிது. பிரியாணியின் மணம் பட்டை, கிராம்பு, புதினா, தம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. கடிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். பிஞ்சுப் பலாக்காய் அதற்குச் சரியான ஆள். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து ஒட்டப் பிழிந்தால்தான் மசாலா ஏறும். உலர்ந்த மீல் மேக்கரில் பாதிக்குமேல் புரதம் என்பதால் சத்துக் கணக்கிலும் அது முன்னால் நிற்கிறது. முட்டைப் பொடிமாஸ் ஏக்கத்துக்கு டோஃபுவை உதிர்த்து மஞ்சளோடு வதக்கி, காலா நமக் என்னும் கறுப்பு உப்பைத் தூவுங்கள். அதன் கந்தக வாசம் முட்டையை அப்படியே நினைவுபடுத்தும். இந்துப்பு வேறு, அதில் அந்த வாசம் வராது. உறைநிலையில் விற்கும் போலி இறைச்சி விருந்தாளிகளுக்கு நல்லது. அன்றாடத்துக்கு விலையும் உப்பும் அதிகம்.

மீன் குழம்புக்கு மட்டும் எனக்குத் தெரிந்து நல்ல பதில் இல்லை. அதே புளி, அதே மசாலாவில் வாழைக்காயோ கத்தரிக்காயோ போட்டால் நல்ல குழம்பு கிடைக்கும், மீன் குழம்பு கிடைக்காது.

## மூன்று வழிக்கும் பொதுவான மறைவான செலவு

பி12. சைவக் குடும்பங்களுக்கு இது கிடைத்துவந்த வழியே பாலும் தயிரும்தான். அதை மூடிவிட்டால் வேறு வழி திறந்தாக வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. வருடங்கள் கழித்துக் கைகால் மரத்துப்போவதாகவும் தீராத அசதியாகவும் வெளிப்படும். பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 இருக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பி இருக்க முடியாது. மாத்திரை மலிவு. மாறுவதற்கு முன் ரத்தத்தில் அளவைப் பார்த்து, எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த ஆலோசனை இல்லாமல் மாற்றமே வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், அகத்திக்கீரை, முருங்கைக்கீரை நம்மிடமே இருக்கின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். கடைத் தாவரப் பால் வாங்கினால் சுண்ணாம்புச் சத்து சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஊற்றுமுன் பெட்டியை நன்றாகக் குலுக்குங்கள். அது அடியில் தங்கும்.

## யாருக்கு எது

தனியாக இருப்பவர் கடைச் சோயாப் பாலோடு தொடங்கி, தயிரை மூன்றாம் வழியில் தீர்த்துக்கொள்ளலாம். மாவரைக்கும் வீடு, காபி அதிகம் ஓடும் வீடு இரண்டாம் வழியில் இறங்கலாம், வேலையைப் பங்குபோட்ட பிறகு. வயதான பெற்றோர் இருந்தால் மூன்றாம் வழியிலிருந்து ஆரம்பியுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பண்டங்களாக இருக்கும், எதிர்ப்பு வராது.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நெய்யை முதலில் விடுங்கள், அதுதான் சுலபம், ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும். அடுத்து தயிர், கடலைத் தயிர் கைக்கு வந்த பிறகு. காபியைக் கடைசியில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை நிறுத்துபவர்கள் காபியில்தான் தோற்கிறார்கள், அத்தோடு மற்ற இரண்டையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள். வீட்டில் மற்றவர்கள் பால் குடிப்பவர்களாகவே இருந்தால் சண்டை வேண்டாம். டிகாக்ஷன் எல்லோருக்கும் பொது, பால் பாத்திரம் மட்டும் இரண்டு. ஹோட்டலில் கேட்கவேண்டியதும் சிறிய பட்டியல்தான்: தோசையில் நெய்யோ வெண்ணெயோ தடவுகிறார்களா, குருமாவில் தயிர் உண்டா, ரவா தோசை மாவில் மோர் ஊற்றினார்களா, பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேர்த்தார்களா.